மண்வெட்டியைக் கூப்பிட்ட மணி

வியாகுலம்மாள் கைக்கு மணிக்கயிறு வந்ததே ஒரு சாவு வழியாகத்தான்.

எண்ணூர் உப்பங்கழி கடலைத் தொடும் இடத்தில், தென்கரையில், நாற்பதுக்குக் குறையாத குடிசைகளோடு இருந்த குப்பம் அது. நடுவே ஒரு மணல்மேடு, மேட்டின் மேல் அந்தோணியார் கோயில். கோயில் என்றதும் ராயபுரத்துக் கோபுரத்தை எல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு சுவர், நாட்டு ஓடு, வாசலில் இரண்டு பனங்கட்டைகளுக்கு நடுவே தொங்கும் ஒரு மணி. ஏதோ ஒரு கப்பலை உடைத்தபோது துறைமுகத்தில் கிடைத்த மணி. கோயிலைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். அவள் புருஷன் அருள்பிரகாசம் அங்கே கோயில்பிள்ளை. விளக்கேற்றுவது, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது, ராயபுரத்திலிருந்து எப்போதாவது வரும் சாமியாருக்குப் பூசைச் சாமான் எடுத்துவைப்பது, எல்லாவற்றுக்கும் மேலே மணி அடிப்பது. வெள்ளைக்காரன் போன மறுவருஷம் விஷக்காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கண்ணை மூடிவிட்டார். உடம்பு ஊர் திரும்பியபோது சாவு மணி அடிக்க ஆளில்லை. அடிக்கத் தெரிந்தவர்தான் கட்டிலில் கிடந்தாரே. வியாகுலம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு மேடேறி, புருஷனுக்குத் தானே அடித்தாள். அடித்து முடித்து, கயிற்றைக் கட்டிவிட்டு வந்துதான் அழ உட்கார்ந்தாள்.

ஊர்ப் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பள மணி அட்ச்சா அந்த மணிக்கு இன்னா மருவாதி கீது?" என்றார்கள். கடைசியில் ஊர்த்தலைவர் ஜார்ஜ் நாட்டார் ஒரு முடிவு சொன்னார்: "ஆள் கெடைக்கற வரைக்கும் அதுவே அடிக்கட்டும். ஆனா ஒரு தப்பு மணி காதுல வியுந்துச்சி, அன்னிக்கே கயிறு வேற கைக்குப் பூடும்."

கயிறு போனால் கயிறு மட்டும் போகாது. கோயிலுக்குப் பின்னால் அவள் இருந்த குடிசை மணிக்காரருக்கு உரியது. பிள்ளை குட்டி இல்லாதவள். ராயபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி முகம் கோணுவதைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாகப் படுக்க வேண்டியதுதான். ஆகவே மூன்று வருஷமாக அவள் ஒரு தப்பு மணி அடித்ததில்லை. ஆளும் கிடைக்கவில்லை, காலையும் மாலையும் அடிக்க எந்த மீனவன் கரையில் இருப்பான்?

அந்த மணிக்கு மூன்று பேச்சு உண்டு. காலை மாலை செப மணி ஒன்று. அடுத்தது இடி மணி. கோடை இடி இறங்கத் தொடங்கினால், அந்தோணியார் காதில் விழும்படி விடாமல் அடிக்க வேண்டும். அதைக் கேட்டதும் குப்பத்தில் கதவுகள் சாத்தப்படும். குருத்து ஞாயிறன்று மந்திரித்து வாங்கி வந்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொளுத்தி, எல்லாரும் முழங்காலில் நின்று பிரார்த்தனை சொல்வார்கள். இடி ஓயும்வரை ஒருவரும் வாசலைத் தாண்டுவதில்லை. தாண்டினால் அந்தோணியாரை நம்பாத கணக்கு.

மூன்றாவது சாவு மணி. விட்டுவிட்டு, கனத்து விழும். ஆணுக்கு மும்மூன்று, பெண்ணுக்கு இரண்டிரண்டு, குழந்தைக்கு ஒற்றை. பெரியவர் சாவு என்றால் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை மண்வெட்டியோடு மேட்டில் வந்து நிற்க வேண்டும். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கடல்மணல். நாலு பேர் தோண்டினால், தோண்டிய குழியை மணலே திரும்ப மூடிவிடும். ஊரே சேர்ந்து அகலமாக, விறுவிறுவென்று வெட்டினால்தான் குழி நிற்கும். காய்ச்சல், போதை, புயல் எதுவும் சாக்கு ஆகாது. இன்றைக்கு வராத வீட்டுக்கு நாளைக்கு யாரும் வரமாட்டார்கள். வீட்டில் முருகன் படம் மாட்டி, கோயில் பக்கமே தலைகாட்டாத ஜெயவேல்கூட இந்த மணிக்கு மட்டும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வருவான்.

அந்த வைகாசியில் ஒரு நாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அத்திப்பட்டுப் பக்கம் வானம் கறுத்தது. கறுப்பில் ஒரு பச்சை கலந்திருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் இடி இறங்கியதும் கயிற்றைப் பிடித்து அடிக்கத் தொடங்கினாள். கீழே கதவுகள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது. கூரைகளின் ஓரத்தில் ஓலைப்புகை எழுந்தது. அப்புறம் காற்று. காற்றுக்குப் பின்னால் மழை என்று பார்த்தால், மழை இல்லை, கல்.

ஆலங்கட்டியை அவள் பார்க்காதவள் இல்லை. சின்ன வயதில் ராயபுரத்தில் கோலிகுண்டு அளவில் விழுந்ததைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டவள்தான். இது அந்த ரகம் இல்லை. எலுமிச்சங்காய் கணக்காக வந்து விழுந்தது. கோயில் ஓடுகள் படபடவென்று நொறுங்கின. உலரப்போட்ட கருவாடு மணலுக்குள் புதைந்தது. வாத்து ஒன்று நடந்துகொண்டிருந்த இடத்திலேயே சுருண்டது. அவள் கயிற்றை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் ஒதுங்கிய பிறகும், கல் பட்டுப் பட்டு மணி தானாகவே சிணுங்கிக்கொண்டிருந்தது.

கல் கொஞ்சம் மட்டுப்பட்ட நேரத்தில் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு ஆள் மேடேறி ஓடிவந்தான். தோணிக்காரன் பஷீர். தண்டையார்பேட்டைக்காரன், அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து கால்வாய் வழியாக உப்பு ஏற்றிப் போகிறவன். நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கியதில் சலாம்கூடச் சொல்லவில்லை.

"யக்கா, ஆளுங்கல்லாம் எங்க?"

"வூட்டுக்குள்ள. இடி மணி அட்ச்சிருக்கேன். நீ இன்னாடா பாய், மண்டைய ஒட்ச்சிகினு வர்ற?"

"மண்டைய வுடு. என் தோணில இருந்த உப்பெல்லாம் கஞ்சியாப் பூட்ச்சி. அத்தயும் வுடு. மேல ஆத்துல வெள்ளம் வந்துட்ச்சிக்கா. வல்லூர்ல ஏரிக்கரை ஒட்ச்சிகிச்சாம். வைக்கப்போரு, கதவு, கன்னுக்குட்டி எல்லாம் மெதந்துகினு வருது. அத்திப்பட்டுல பாத்தி மொத்தம் முய்கிட்ச்சி. பொம்பளைங்க, கொயந்தைங்க உப்பளக் கரை மேல நிக்குதுங்க. அந்தக் கரை எவ்ளோ ஒசரம்? என் இடுப்பு ஒசரம்."

வியாகுலம்மாள் வாசலுக்கு வந்து கழியைப் பார்த்தாள். காலையில் பச்சையாகக் கிடந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. நேற்றுவரை மணலில் இழுத்துப் போட்டிருந்த படகுகள் மிதந்தன. எதிரே, கழிக்கும் கடலுக்கும் நடுவில், மாசி மாதத்திலிருந்து அடைத்துக் கிடக்கும் மணல்திட்டு. மழைக்காலத்தில் தானே திறந்து, கோடையில் தானே மூடிக்கொள்ளும் முகத்துவாரம். வந்த வெள்ளத்துக்குப் போக வழியில்லை. மேலே உப்பளம், கீழே இந்தக் குப்பம், இரண்டில் ஒன்றைத்தான் விழுங்க வேண்டும். இரண்டையும் விழுங்கினாலும் அதைக் கேட்பார் இல்லை.

"திட்டை வெட்டிவுட்டா?" என்றாள்.

"அத்தச் சொல்லத்தான் ஓடியாறேன். நான் ஒத்தை ஆளு, எங்கிட்ட கீறது ஒரு துடுப்பு. அத்தவெச்சி இன்னா பண்றது?"

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். முதல் வீடு நாட்டாருடையது. கதவை இரண்டு கையாலும் குத்தினாள். உள்ளே பிரார்த்தனை நின்றது. நாட்டார் கதவை ஒரு சாண் திறந்து முகத்தை மட்டும் காட்டினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஃப்ளோரா கையில் எரியும் ஓலையோடு முழங்காலில் இருந்தாள்.

"இன்னா வியாகுலம், இடி மணிய அட்ச்சிட்டு நீயே தெருவுல சுத்திகினு கீறே?"

"நாட்டாரே, ஆத்துல வெள்ளம். முகத்துவாரத்தை இப்பவே வெட்டணும்."

"இடி எறங்கிகினு இருக்கச்சொல்லோ கடப்பாறையத் தூக்கிகினு போவச் சொல்றியா? நல்லா கீதே. அப்பால, திட்டை வெட்றது நம்ப ஒர்த்தர் வேலையா? வடக்குக் கரைக் குப்பத்துல சொல்லணும். எறா எல்லாம் கடலுக்குப் பூட்ச்சின்னா அவன் வந்து என் மீசையப் புடிப்பான். இடி நிக்கட்டும். பேசலாம்."

"பேசறதுக்கு வூடு இருக்காது."

"உன் வேலை மணி அடிக்கறது. போய் அதப் பாரு."

கதவு சாத்திக்கொண்டது. ஒரு வீட்டுக்கே இவ்வளவு பேச்சு. இன்னும் நாற்பது வீடு. ஒவ்வொரு கதவிலும் இதே பேச்சை நின்று பேசி முடிப்பதற்குள் தண்ணீர் அவளுக்கு முன்னால் கதவைத் தட்டிவிடும். திரும்பி நடந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: இவர்களை உள்ளே வைத்துப் பூட்டியது தன் கைதான். தன் மணிதான். பூட்டியதைத் திறக்கவும் அந்த மணியைத் தவிர வேறு சாவி ஏது?

மேட்டின் மேல் நின்று கயிற்றைப் பிடித்தாள். நாட்டார் சொன்னது காதில் கேட்டது: ஒரு தப்பு மணி. தம்பி வீட்டுச் சுவரோரம் கண்முன் வந்தது. கழியைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசைக் குடிசைகளின் வாசலில் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

ஆண் மணி அடிக்கலாமா? ஐந்தாறு பேர் விடியற்காலையில் பழவேற்காட்டுப் பக்கம் கட்டுமரம் ஏறிப் போயிருந்தார்கள். ஆண் மணி கேட்டால் அவர்களின் பெண்டாட்டிகள் இந்த மின்னலில் மாரடித்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவார்கள். குழந்தை மணிக்கு நாலு பேர்தான் வருவார்கள்.

இரண்டிரண்டாக அடித்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பஷீர் அவள் முகத்தைப் பார்த்தான். "இன்னாக்கா அடிக்கறே?"

"பேசாத."

மறுபடியும் இரண்டு. மறுபடியும் இரண்டு. கீழே ஒரு கதவு திறந்தது. ஜெயவேல். தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு மேட்டைப் பார்த்து ஓடிவந்தான். அடுத்த கதவு. அதற்கடுத்தது. குண்டான், பலகை, கூடை என்று கைக்குக் கிடைத்ததைத் தலைக்குக் கவசமாகப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். ஒவ்வொருவன் கையிலும் மண்வெட்டி. ஒவ்வொருவன் முகத்திலும் ஒரே கேள்வி. ஏனென்றால் அவரவர் வீட்டுப் பெண்கள் அவரவர் பக்கத்தில்தானே முழங்காலில் இருந்தார்கள்?

"முத்தம்மா கெயவிதான் பூட்ச்சி," என்றான் ஒருவன். "அது ஒண்டிதான் தனியா கீது."

"எவன்டா அவன்?" என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கருவாடு விற்கும் முத்தம்மா, முழங்கால்வரை சேறோடு, சட்டியைத் தலையில் கவிழ்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். "வூட்டுக்குள்ள தண்ணி வந்துட்ச்சேன்னு ஏறி வந்தா, எனக்கே கருமாதி பண்றியா? உன் வாயில கல்லு விய!"

நாட்டார் கடைசியாக வந்தார். அவரும் மண்வெட்டி எடுத்துவரத் தவறவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவள் முன்னால் வந்து நின்றார்.

"யாரு செத்தது?"

"நான்தான்."

"வியாகுலம்!"

"நான்தான் செத்துட்டேன்னு வெச்சிக்கோ நாட்டாரே. பொம்பள மணி அட்ச்சேன், ஊர்ல கீற ஒரு பொம்பளையும் சாவல, அப்ப நான்தானே? வூட்டுக்கு ஒர்த்தன் வந்துட்டீங்க, கையில மம்பட்டி கீது. எனக்குக் குயி வெட்டணும். எங்க வெட்டணும்னு நான் காட்றேன். அதோ அங்க." அவள் கை மணல்திட்டைக் காட்டியது. "கயித்தப் புடுங்கிக்கோ, வூட்டையும் புடுங்கிக்கோ. நாளைக்குப் புடுங்கு. இன்னிக்கு வெட்டு."

எல்லாரும் அவள் கை காட்டிய பக்கம் பார்த்தார்கள். வீட்டுக்குள் இருந்தவரை யாரும் பார்க்காத கழியை இப்போது மேட்டிலிருந்து பார்த்தார்கள். திட்டின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்கூட இல்லை. கூரை ஒன்று முழுசாக மிதந்து வந்தது. அதன் மேல் ஒரு பூசணிக்கொடி, காயோடு. கூரை எந்த ஊருடையது, கீழே இருந்தவர்கள் எங்கே என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை.

ஜெயவேல்தான் முதலில் அசைந்தான். "மணி அட்ச்சா வெட்டணும். அதான நம்ப ஊரு கட்டு. எங்க வெட்டுன்னு கட்டுல சொல்லல," என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினான். அவன் பின்னால் நாலு பேர். அப்புறம் எல்லாரும். நாட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார், திரும்பித் தன் வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "அடியே ஃப்ளோரா! கொயந்தைங்க, கெயடு கட்டை எல்லாத்தயும் கோயிலுக்கு ஏத்துடீ!" பிறகு அவரும் ஓடினார்.

கல்லறைக் குழி வெட்டிப் பழகிய கைகள் அவை. கடல் பக்கமிருந்து தொடங்கி, இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நின்று, கழியைப் பார்த்து வாய்க்கால் போட்டுக்கொண்டே வந்தார்கள். மணல் சரியச் சரிய அகலப்படுத்தினார்கள். வியாகுலம்மாளும் பஷீரும் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். அலை ஒன்று வந்து பாதியை நிரப்பிவிட்டுப் போனது. கெட்ட வார்த்தையால் அதை வாழ்த்திவிட்டு மறுபடியும் வெட்டினார்கள். மின்னல் வெட்டும்போதெல்லாம் மண்வெட்டிகள் ஒரு கணம் நின்றன. அந்த ஒரு கணத்துக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். "குயி ஆயிட்ச்சா? பொணம் காத்துகினு கீது!" என்று கத்துவாள். பயத்திலும் யாராவது ஒருவன் சிரித்துவிடுவான். சிரித்தவன் கை ஓடும்.

கடைசியில் கழியோரம் ஒரு வரப்பு மட்டும் மிஞ்சியது. அதை உடைப்பவன் பின்னால் குதிக்க நேரம் இருக்காது. நாட்டார் எல்லாரையும் மேலே ஏறச் சொன்னார்.

"நாட்டாரே, நான் ஒடைக்கறேன்," என்றான் ஜெயவேல்.

"போடா. நேத்து கண்ணாலம் கட்னவன் மாதிரி துள்ளாத." அவர் இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை அவர்களிடம் எறிந்துவிட்டு, வரப்பில் நாலு வெட்டு வெட்டினார். ஐந்தாவது வெட்டுக்கு வேலை இருக்கவில்லை. முதலில் ஒரு செம்பு தண்ணீர் வழிந்தது மாதிரி இருந்தது. அடுத்த மூச்சில் வரப்பு இல்லை, நாட்டார் இல்லை, அவர் மண்வெட்டி இல்லை. பஷீரும் ஜெயவேலும் இன்னும் பத்துப் பேரும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார்கள். மணலை வாயில் அள்ளிக்கொண்டு நாட்டார் கரையேறியபோது அவர் உடம்பில் அந்தக் கயிற்றைத் தவிர ஒரு நூல் கிடையாது. முத்தம்மா மேட்டிலிருந்தே, "ஃப்ளோரா, உன் வூட்டுக்காரனுக்கு ஒரு துண்டு குடுத்தனுப்பு!" என்று கூவினாள்.

அவர்கள் வெட்டியது ஒரு ஆள் படுக்கும் அகலம். தண்ணீர் அதைத் தன் விருப்பத்துக்கு வெட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாக விழ, கழி முழுவதும் சிவப்பாகக் கடலுக்குள் இறங்கியது. வைக்கோல் போனது, கதவு போனது, எறாவும் போனது. பொழுது சாய்வதற்குள் கடைசி வரிசைக் குடிசைகளின் வாசல் ஈரமாக, ஆனால் தண்ணீர் இல்லாமல் தெரிந்தது. அத்திப்பட்டு உப்பளக் கரையில் நின்றவர்களின் காலடியிலும் தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பஷீர் மறுநாள் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னான். வல்லூர்ப் பக்கம் வெள்ளத்தோடு போனவர்கள் போனவர்கள்தான். அவர்களுக்கு இந்த மணி கேட்கவில்லை.

வேலை முடிந்ததும்தான் தொல்லை ஆரம்பித்தது.

குழி வெட்டியவர்கள் சாவு வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அது அந்த ஊர் வழக்கம். உப்புப் போடாத கஞ்சி. சாவு விழுந்த வீட்டில் அன்றைக்கு உப்புக்கு இடமில்லை. அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டால் அடித்த மணி நிஜ மணி என்று ஊர் ஒப்புக்கொண்ட கணக்கு. குடிக்காமல் போனால் அது தப்பு மணி. ஆனால் நிஜ மணி என்றால் ஒரு பெண் சாக வேண்டுமே? மேட்டில் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அட்ச்ச மணி சும்மா போவுமா? ஒர்த்தியக் கேக்காம வுடாது," என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஃப்ளோரா கழுத்தில் கிடந்த அந்தோணியார் சுரூபத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வியாகுலம்மாள் எதையும் கேட்டுக்கொள்ளாதவள் போலத் தன் குடிசைக்குள் போனாள். கூரையில் பாதி இல்லை. உடைந்த ஓட்டுச்சட்டத்தையும் காய்ந்த பாளையையும் போட்டு அடுப்பைப் பற்றவைத்து, வீட்டில் இருந்த நொய் அத்தனையையும் உலையில் கொட்டினாள். நனைந்து நடுங்கிக்கொண்டு ஆண்கள் வந்து அவள் வாசலில் நின்றார்கள். உட்காரவில்லை. நாட்டார் உட்காரட்டும் என்று நின்றார்கள். நாட்டார் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"பாய், உப்பு மொத்தம் பூட்ச்சின்னியே, கொஞ்சமாவது மிச்சம் கீதா?" என்று கேட்டாள்.

"நான் சோறு ஆக்க வெச்சிருந்தது ஒரு கலயம் கீதுக்கா. மூடி போட்டிருந்தேன்."

"எட்த்துகினு வா."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கை உப்பை அள்ளிக் கொதிக்கும் கஞ்சியில் போட்டாள். மேட்டில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. முதல் கொட்டாங்கச்சியை நிரப்பிக்கொண்டு போய் நாட்டார் முன்னால் நீட்டினாள்.

"உப்புப் போட்டே?" என்றார் அவர்.

"போட்டேன்."

"சாவு வூட்டுக் கஞ்சில உப்பா?"

"சாவு எங்க கீது? வந்தவங்களுக்கு வவுறு கீது, ஊத்தறேன். குடிக்கற மாதிரி இருந்தா குடி நாட்டாரே. இல்ல, தப்பு மணின்னு சொல்லு, இப்பவே மூட்டையக் கட்டறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு. கஞ்சி ஆறுது."

நாட்டார் அவளைப் பார்த்தார். வாசலில் நிற்கும் நாற்பது பேரைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, ஈர மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொட்டாங்கச்சியை வாங்கி ஒரு மடக்கு குடித்தார். வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார், விழுங்கினார்.

"உப்பு தூக்கல்," என்றார்.

அவர் பக்கத்தில் ஜெயவேல் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக வரிசை முழுவதும் உட்கார்ந்தது. ஃப்ளோராவும் முத்தம்மாவும் அவள் கேட்காமலே வந்து அகப்பையை எடுத்துக்கொண்டார்கள். பஷீர் யாரும் இடம் காட்டாமலே வரிசையின் நடுவில் இடம்பிடித்து, "எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, என் உப்பு," என்றான்.

இரண்டாவது கொட்டாங்கச்சியைக் காலி செய்துவிட்டு நாட்டார் எழுந்தார். பனங்கட்டைகளுக்கு நடுவே சொட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தபடி சொன்னார்:

"கயிறு நனைஞ்சி பூட்ச்சி. அவுத்துக் காயப்போடு வியாகுலம். காலைல செப மணி லேட்டாவக் கூடாது."